கான்ஸ்டன்ஸ் ஏரியின் கில்ஷ் மீன்

கில்ஷ் என்பது கான்ஸ்டன்ஸ் ஏரியின் ஆழத்தில் மட்டும் வாழ்ந்து, சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் அற்றுப்போன நன்னீர் மீன். சால்மன் குடும்பத்தில் கொரிகோனஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கொரிகோனஸ் குட்டுரோசஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கரையோர மீனவர்கள் இந்தப் பேரினத்து மீன்கள் எல்லாவற்றையும் பொதுவாக ஃபெல்ஷென் என்பார்கள். கில்ஷ் அவற்றில் ஒன்று; உருவில் சிறியது, சந்தையில் பெரிய மதிப்பில்லாதது. 1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும் அகப்பட்டவையே கடைசி. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-இல் அதை அழிந்த இனமாகப் பட்டியலிட்டது. மிகையான மீன்பிடிப்பு அதைக் கொல்லவில்லை, வேற்று மீன் வந்து தின்றுவிடவும் இல்லை. மூன்று நாட்டு மக்களின் கழிவுநீரும் சலவைத்தூளும் ஏரியின் அடித்தரையை மூச்சுமுட்ட வைத்ததே காரணம்.

ஆல்ப்ஸ் மலையின் வடக்கடிவாரத்தில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் சந்திக்கும் இடத்தில் கடல்மட்டத்துக்கு 395 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஏரி. ஜெர்மானியர்கள் போடன்ஸே என்பார்கள். பனியுகத்தில் ரைன் பனியாறு குடைந்த பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டானது. பரப்பு 536 சதுர கிலோமீட்டர், மிகுந்த ஆழம் 251 மீட்டர். ரைன் நதி தென்கிழக்கில் நுழைந்து மேற்கே வெளியேறுகிறது. கிழக்கிலுள்ள பெரும்பகுதி மேலேரி, ஆழமெல்லாம் அங்கேதான். கான்ஸ்டன்ஸ் நகருக்கு மேற்கே, சில கிலோமீட்டர் ரைன் ஓட்டத்துக்கு அப்பால், ஆழம் குறைந்த கீழேரி தொடங்குகிறது. மேலேரியின் நடுவில் நாட்டெல்லை எது என்று மூன்று நாடுகளும் இன்றுவரை உடன்படிக்கை எழுதிக் கொள்ளவில்லை. கரையோரச் சரிவு 25 மீட்டர் ஆழத்தைத் தொட்ட பிறகு வரும் நீர்ப்பரப்பு எல்லாக் கரை மீனவர்களுக்கும் பொது. கில்ஷ் வாழ்ந்தது இந்தப் பொது நீருக்கு அடியில்.

பனியாறு பின்வாங்கியபோது, ஏறத்தாழ பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், புதிதாகத் தோன்றிய ஆல்ப்ஸ் ஏரிகளில் கொரிகோனஸ் மீன்கள் குடியேறின. அந்த ஏரிகளில் போட்டிக்கு வேறு மீன்கள் அதிகமில்லை. நடுநீர் மிதவை உயிரிகள், கரையோர மணல், இருண்ட அடிச்சேறு என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் இரை சும்மா கிடந்தது. மீன்கள் அந்த இரைகளுக்கேற்பப் பிரிந்து, ஏரிக்கு ஏரி தனித்தனியே புது இனங்களாக மாறின. சுவிட்சர்லாந்தின் ஏரிகளில் மட்டும் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் தோன்றின. உயிரினங்கள் பிரிவதற்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது.

கான்ஸ்டன்ஸ் ஏரியில் நான்கு இனங்கள் இருந்தன. நீல ஃபெல்ஷென் திறந்த நடுநீரில் மிதவை உயிரிகளைத் தின்று வாழ்வது. டிசம்பர்த் தொடக்கத்தில் நடு ஏரியில் மேல்நீரிலேயே கூடி முட்டையிடும். முட்டைகள் இருநூறு மீட்டருக்கு மேல் இறங்கி அடித்தரையில் போய்ப் படியும். மணல் ஃபெல்ஷென் கரையோரத்து மணற்பரப்பில் முட்டையிடும். காங்ஃபிஷ் உருவில் சின்னது. குளிர்காலத்தில் கீழேரியை நோக்கிய ரைன் ஓட்டத்துக்குக் கூட்டமாக வரும். நான்காவதான கில்ஷ் ஆழத்திலேயே இரை தேடி, ஆழத்திலேயே முட்டையிட்டது. இனப்பெருக்கத்தின் இடமும் காலமும் வேறாக இருந்ததால்தான் ஒரே ஏரியில், நெருங்கிய உறவுள்ள நான்கு மீன்களும் கலந்துவிடாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தனித்து நின்றன. அவற்றுக்கிடையே வேறு வேலி எதுவும் கிடையாது. கில்ஷின் கதையில் எல்லாமே இந்த ஒரு செய்தியில் வந்து முட்டுவதால் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற மூன்றிலிருந்து கில்ஷைப் பிரித்தறிய மீன் ஆய்வாளர்கள் முதலில் செவுளைத் திறந்து பார்ப்பார்கள். செவுள் வளைவின் உட்புறத்தில் வரிசையாக முட்கள் நிற்கும். நீல ஃபெல்ஷெனுக்கு அவை நீளமாகவும் நெருக்கமாகவும் இருக்கும். வாய்வழி உள்ளே வரும் நீரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரையைக்கூட அவை வடித்துவிடும். கில்ஷுக்கு அவை குட்டையாக, எண்ணிக்கையில் குறைவாக, இடைவெளி விட்டு இருந்தன. அடிச்சேற்றில் கிடக்கும் பட்டாணியளவு மட்டிகளையும் பூச்சிகளின் இளம்புழுக்களையும் பொறுக்கித் தின்னும் மீனுக்கு வடிகட்டி தேவையில்லை; சேறு அடைத்துக்கொள்ளாத அகன்ற இடைவெளிதான் தேவை. வாயும் முகத்தின் நுனியில் இல்லாமல் சற்றுக் கீழே அமைந்திருந்தது.

வலையில் ஏறும்போது கில்ஷின் தோற்றம் மீனவர்களுக்கு மறக்க முடியாததாக இருந்தது. எழுபது மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு. அங்கே வாழும் மீனின் காற்றுப்பையும் அந்த அழுத்தத்துக்கு ஈடாகவே இருக்கும். வலையைச் சரசரவென்று இழுத்தால் வெளியழுத்தம் குறையக் குறையப் பையிலுள்ள வாயு விரிந்துகொண்டே வரும். சால்மன் குடும்பத்து மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. மெதுவாக மேலே வந்தால் வாயுவைக் கக்கிவிட முடியும். வலையோ அதற்கு அவகாசம் தராது. படகில் விழும்போது மீனின் தொண்டைக்குக் கீழேயும் வயிற்றின் முன்பகுதியிலும் பந்துபோலப் புடைத்திருக்கும். கழுத்தில் கழலை வந்தது போன்ற இந்தக் கோலத்தால்தான் மக்கள் அதைக் கழலை ஃபெல்ஷென் என்ற பொருளில் கிரோப்ஃபெல்ஷென் என்றும் அழைத்தார்கள். அறிவியல் பெயரும் அதே பொருளில் அமைந்தது. மீனுக்கு உயிரோடு இருக்கையில் அப்படியொரு கழலையே இல்லை. அதன் பெயரில் நிற்பது சாவின் அடையாளம்.

கரையோர ஊர்களின் வரலாற்றில் ஃபெல்ஷென்களுக்கு நீண்ட இடம் உண்டு. கீழேரியிலுள்ள ரைகெனாவ் தீவில் 724-இல் மடாலயம் ஏற்பட்டது. இறைச்சி விலக்கிய நோன்பு நாட்கள் நிறைந்த கிறித்தவ நாட்காட்டிக்கு ஏரி மீன் இன்றியமையாத உணவு. 1414 முதல் 1418 வரை கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபையின் பேரவை நடந்தபோது போப், அரசர், ஆயர்கள், அவர்களுடைய பரிவாரங்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஒரு சிறு நகரத்துக்குள் வந்து தங்கினார்கள். அந்நிகழ்ச்சியை உடனிருந்து எழுதிய உல்ரிஷ் ரிஷெண்டாலின் வரலாற்றேட்டில் பேரவையின் சமயச் சண்டைகளுக்கு நடுவே சந்தை விலைகளும் மீன் விற்பனையும் இடம்பெற்றிருக்கின்றன. புகைபோட்ட காங்ஃபிஷ் தொலைவுக்கும் விற்பனைக்குப் போனது. எர்மாட்டிங்கன் போன்ற கீழேரி ஊர்கள் அதற்குப் பேர்போனவை.

மீனவர்கள் இந்த மீன்களை வகைப்படுத்திய விதம் ஆய்வாளர்களுடையதிலிருந்து வேறு. 1557-இல் சூரிச்சில் வெளியான கிரெகோர் மாங்கோல்ட்டின் மீன் நூல் கான்ஸ்டன்ஸ் ஏரி மீன்களுக்கென எழுதப்பட்ட பழைய நூல்களில் முதன்மையானது. ஃபெல்ஷெனுக்கு ஆண்டுக்கொரு பெயர் வைக்கும் மீனவர் வழக்கம் இருந்தது. முதலாண்டில் ஒன்று, அடுத்த ஆண்டில் இன்னொன்று என்று வளர்ந்து முழு மீனாவதற்குள் ஆறேழு பெயர் மாறிவிடும். அந்தப் பெயர்களில் காங்ஃபிஷும் ஒன்று. அதாவது, காங்ஃபிஷ் வளர்ந்தால் நீல ஃபெல்ஷென் ஆகிவிடும் என்பது கணக்கு. இது பிழை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினாலும், மீனவர்களைக் குறைசொல்ல முடியாது. இந்த இனங்களுக்குள் வேறுபாடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அதுவே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேராசிரியர்களும் இதே சேற்றில்தான் வழுக்கினார்கள்.

செயின்ட் காலன் நகர மருத்துவர் வார்ட்மன் 18-ஆம் நூற்றாண்டில் நீல ஃபெல்ஷெனை விவரித்தார். பெர்லின் மீனியல் அறிஞர் பிளாக் 1784-இல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார். கில்ஷுக்கு முறையான பெயர் 1818-இல் கார்ல் கிறிஸ்டியன் கிமெலின் வைத்தது. அந்தப் பெயர் எடுபடவில்லை. 1854-இல் கான்ஸ்டன்ஸ் ஏரி மீன்களைப் பற்றி நூல் எழுதிய டூபிங்கன் பேராசிரியர் வில்ஹெல்ம் ராப், அதே மீனுக்குக் கொரிகோனஸ் அக்ரோனியஸ் என்று வேறொரு பெயர் தந்தார். 1863-இல் மத்திய ஐரோப்பாவின் நன்னீர் மீன்களைத் தொகுத்த சீபோல்டு, கில்ஷின் புடைப்பைக் கூர்ந்து கவனித்து எழுதினார். ஆனால் ஜெனீவா ஏரியிலிருந்த வேறொரு மீனும் இதுவும் ஒன்றே என்று எண்ணி அதன் பெயரை இதற்கும் இட்டுவிட்டார். இருபதாம் நூற்றாண்டில் நிலைமை இன்னும் மோசம். ஆல்ப்ஸ் ஏரிகளின் கொரிகோனஸ் மீன்களெல்லாம் பரவலான ஒருசில இனங்களின் உள்ளூர் வடிவங்களே என்ற கருத்து ஓங்கியது. சுவிஸ் ஆய்வாளர் பவுல் ஸ்டைன்மன் 1950-இல் தம் நாட்டுக் கொரிகோனஸ்கள் அனைத்தையும் விரிவாக ஆராய்ந்து நூலாக்கியும் அக்கருத்து மாறவில்லை. கில்ஷ் உயிரோடிருந்த கடைசி ஆண்டுகளில் அது தனி இனம் என்று ஏற்றவர்கள் சிலரே. தனி இனமல்லாத ஒன்று அழிந்தால் பதறுவதற்கு யாரும் இல்லை. மோரிஸ் கொட்டெலா, யோர்க் ஃப்ரைஹோஃப் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஐரோப்பிய நன்னீர் மீன் கையேட்டில் அதைத் தனி இனமாக நிறுத்தி, கிமெலின் பெயரை மீட்டபோது மீன் போய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

ஏரியில் மீன்பிடிப்புக்குச் சட்டதிட்டம் இல்லாமல் இல்லை. 1893-இல் கரையோர அரசுகள் பிரெகென்ஸ் நகரில் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. பாடன், வூர்ட்டம்பெர்க், பவேரியா, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து முதலியவை அதில் கையெழுத்திட்டன. வலைக்கண் அளவு, பிடிக்கக் கூடாத காலம், பிடிக்கத்தக்க குறைந்த நீளம் எல்லாம் பொது விதிகளாயின. மீன்குஞ்சு பொரிப்பகங்களும் கரைநெடுக எழுந்தன. முட்டையிடும் பருவத்தில் பிடித்த பெண்மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையைப் பாத்திரத்தில் வடித்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து, கண்ணாடிக் குடுவைகளில் நீரோட்டத்தில் வைத்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை ஏரியில் விடுவார்கள். நீல ஃபெல்ஷென்தான் இந்தப் பொரிப்பகங்களின் முதன்மையான வேலை. விலை போகும் மீனுக்குத்தானே தொட்டில் கட்டுவார்கள்.

மீனவர்களின் பிழைப்பும் நீல ஃபெல்ஷெனை நம்பியிருந்தது. இரண்டு படகுகள் சேர்ந்து வளைத்திழுத்த பெரிய இழுவலையின் இடத்தைச் சென்ற நூற்றாண்டில் நடுநீரில் மிதக்கவிடும் செவுள்வலைகள் பிடித்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பருத்தி நூல் போய் நைலான் வந்தது. கில்ஷுக்கோ வலையை அடித்தரை வரை இறக்க வேண்டும். வலை, கயிறு, உழைப்பு எல்லாம் கூடுதல்; கிடைப்பது சிறு மீன். மேல்நீரில் நல்ல பாடு கிடைக்கும் ஆண்டுகளில் யாரும் அடிக்குப் போக மாட்டார்கள்.

நல்ல பாடு கிடைக்கும் ஆண்டுகள் 1950-களில் வந்தன. அதற்குக் காரணம் பாஸ்பரஸ். மலையேரிகளில் பாசியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சத்து அதுதான். நைட்ரஜன் எவ்வளவு இருந்தாலும் பாஸ்பரஸ் இல்லாமல் பாசி பெருகாது. 1950-களின் தொடக்கத்தில் ஏரி நீரில் லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. போருக்குப் பின் கரையோர நகரங்கள் பெருகின, வீடுதோறும் தண்ணீர்க் கழிப்பறை வந்தது, சாக்கடைகள் நேரே ஏரியிலும் அதில் சேரும் ஆறுகளிலும் கலந்தன. பாஸ்பேட் கலந்த சலவைத்தூள் பரவியது. வயலுக்கிட்ட உரமும் மழையோடு வந்து சேர்ந்தது. அளவு ஆண்டுக்காண்டு ஏறி, 1979 வாக்கில் லிட்டருக்கு எண்பது மைக்ரோகிராமைத் தாண்டியது. முப்பது ஆண்டுகளுக்குள் எட்டு மடங்குக்கு மேல்.

பாசி பெருகியது, அதைத் தின்னும் நீர்த்தெள்ளுகள் பெருகின, அவற்றைத் தின்னும் நீல ஃபெல்ஷென் மளமளவென்று கொழுத்தது. பெர்ச் என்ற மீனின் பாடும் பல மடங்கு உயர்ந்தது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு ஏரி செழிப்பதாகவே தோன்றியிருக்கும். முதல் சிக்கல் எதிர்பாராத வழியில் வந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் எட்ட வேண்டிய அளவை மீன் அதற்கு முன்பே எட்டிவிட்டதால், ஒருமுறைகூட முட்டையிடாத இளமீன்கள் வலைக்கண்ணில் சிக்கலாயின. மீன் வளத்தைக் காப்பதற்கென்று வகுத்த வலைக்கண் அளவே அதற்கு வினையானது. 1960-களில் நீல ஃபெல்ஷென் பாடு திடீரென்று விழுந்தது. லாங்கெனார்கன் ஏரி ஆய்வு நிலையத்தின் வில்லி நூமன் போன்றவர்கள் காரணத்தை விளக்க, கண்ணளவு 38 மில்லிமீட்டரிலிருந்து 44-க்கு உயர்த்தப்பட்டது. மீன் வளம் மீண்டது. மேல்நீர் மீனுக்கு மருந்து இவ்வளவு எளிதாக இருந்தது.

அடியில் நடந்தது வேறு. செத்த பாசியும் நீர்த்தெள்ளுகளின் கழிவும் நாளெல்லாம் ஆழத்துக்கு இறங்கிச் சேற்றின்மேல் படிந்தன. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிரிகள் உயிர்வளியை உறிஞ்சிக்கொண்டன. ஆழ நீருக்குப் புதிய உயிர்வளி வருவது குளிர்காலத்தில்தான். மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்கி, அடி நீரோடு கலக்க வேண்டும். ஏரி முழுதும் உறைந்த 1963 போன்ற கடுங்குளிர் எல்லா ஆண்டும் வருவதில்லை. மிதமான குளிர்காலங்களில் கலப்பு அடிவரை எட்டாது. அடிநீரில் உயிர்வளி முற்றாக வற்றிவிடவில்லை. பெரிய மீன் அங்கே நீந்தலாம். முட்டை நீந்த முடியாது. சேற்றோடு ஒட்டிய சில மில்லிமீட்டர் நீரில் உயிர்வளி தீர்ந்தபோது, வாரக்கணக்கில் அங்கே கிடந்து பொரிய வேண்டிய முட்டைகள் மூச்சின்றிச் செத்தன.

நீல ஃபெல்ஷெனின் முட்டைக்கும் இதே கதிதான். அது நடுநீரில் இட்ட முட்டைகளும் கடைசியில் அதே சேற்றில்தானே விழுகின்றன. ஆனால் அதற்குப் பொரிப்பகங்கள் இருந்தன. ஏரி செய்யாத வேலையைக் கண்ணாடிக் குடுவைகள் செய்தன. கரையோர முட்டைகளுக்கு ஆபத்து குறைவு. வாழ்விடம், இரை, முட்டையிடும் இடம் மூன்றும் ஆழத்திலேயே அமைந்து, பொரிப்பகத்தின் துணையும் பெரிதாக இல்லாதது கில்ஷ் ஒன்றுதான். மற்ற மீன்களின் பாடு நிறைந்திருந்த காலத்தில் அது குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. எந்த நாளில் கடைசி மீன் படகேறியது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. எந்த மீன் கடைசி என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்கவும் வழியில்லை.

மீன் மறைந்த விதத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. அது அண்மையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மீன் ஆய்வு நிலையங்கள் பல பத்தாண்டுகளாகச் செதில்களைச் சேகரித்து வைப்பது வழக்கம். மரத்தின் குறுக்குவெட்டில் தெரிவதுபோலச் செதிலிலும் ஆண்டுவளையங்கள் உண்டு. அதைப் பார்த்து மீனின் வயதும் வளர்ச்சியும் கணக்கிடுவார்கள். ஒவ்வொரு மீனிலிருந்தும் சுரண்டிய சில செதில்களைச் சிறு காகித உறையில் போட்டு, மேலே இனம், நாள், நீளம் எழுதி அடுக்கிவிடுவார்கள். வயது பார்க்க மட்டுமே வைத்திருந்த அந்த உறைகளில் செதிலோடு காய்ந்து ஒட்டிய தோல் துணுக்குகளும் இருந்தன. டி.என்.ஏ. எடுக்கும் முறை தேர்ந்த பிறகு அவை புதையலாயின.

சுவிஸ் கூட்டரசின் நீரியல் ஆய்வு நிறுவனமான எயவாக்கும் பெர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழுவில், ஓலே சேஹவுசன் வழிகாட்டலில், பாஸ்கல் ஃபோன்லாந்தனும் பிறரும் 17 ஏரிகளின் கொரிகோனஸ்களை ஆராய்ந்து 2012-இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். இந்த ஏரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இனங்கள் மறைந்திருந்தன. பாஸ்பரஸ் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு இழப்பு. மறைந்த இனங்களில் பல பட்டினியாலோ நோயாலோ மட்டும் சாகவில்லை. ஆழத்து முட்டைத்தரை பாழானபோது அங்கே கூடிய மீன்கள் மேலே நகர்ந்தன, வேறு இனங்கள் கூடும் இடத்திலும் நேரத்திலும் வந்து சேர்ந்தன, கலந்தன. முன்னே சொன்ன இடமும் காலமும் என்ற ஒற்றை வேலி விழுந்ததும், பல்லாயிரம் ஆண்டுகள் பிரிந்து நின்றவை சில தலைமுறைகளில் ஒன்றோடொன்று கரைந்தன. இனம் பிரிந்த வழியிலேயே பின்னோக்கிப் போனதாக இதைக் கருதலாம்.

கில்ஷைத் தனியே எடுத்துக்கொண்டு டேவிட் ஃப்ரைய் முதலியோர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. பாஸ்பரஸ் பெருகுவதற்கு முன் எடுத்த செதில்களின் முழு மரபுத்தொகுதியையும் இன்றைய மீன்களின் மரபுத்தொகுதியையும் ஒப்பிட்டபோது, ஏரியில் எஞ்சிய மூன்று இனங்களிலும் கில்ஷின் மரபுத் துண்டுகள் பரவிக் கிடப்பது தெரிந்தது. கில்ஷ் என்ற இனம் இல்லை. அதன் மரபுப் பொருளில் ஒரு பங்கு உறவினர்களின் உடலில் ஓடுகிறது. இதைப் பிழைப்பு என்று சொல்வது மிகை. எழுபது மீட்டர் ஆழத்தில் இருட்டில் மட்டி பொறுக்கி, அங்கேயே முட்டையிட்டு வாழ்ந்த ஓர் உயிரின் வாழ்க்கை முறை அந்தத் துண்டுகளில் இல்லை.

ஏரியைக் காப்பாற்றும் முயற்சி மட்டும் வெற்றி பெற்றது. 1959-இல் கரையோர நாடுகள் ஏரிப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையத்தை அமைத்தன. அடுத்த ஆண்டு ஸ்டெக்போர்ன் நகரில் அதற்கான உடன்படிக்கை கையெழுத்தானது. குடிநீரும் அவர்களை உந்தியது. 1958 முதல் சிப்லிங்கன் அருகே 60 மீட்டர் ஆழத்திலிருந்து இறைத்த நீர் ஷ்டுட்கார்ட் வரை போய்க்கொண்டிருந்தது. இன்று அந்த அமைப்பு ஏறத்தாழ 40 இலட்சம் பேருக்குத் தண்ணீர் தருகிறது. கில்ஷ் வாழ்ந்த ஆழத்து நீரையே மனிதரும் குடித்தார்கள் என்பதுதான் ஏரியின் நல்வாய்ப்பு. இருநூறுக்கும் மேற்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. பாஸ்பேட்டைத் தனியே வீழ்படியச் செய்யும் கட்டம் அவற்றில் சேர்ந்தது. ஜெர்மனி 1980-இல் சலவைத்தூளில் பாஸ்பேட் அளவுக்கு உச்சவரம்பு விதித்தது; சுவிட்சர்லாந்து 1986-இல் அதை அறவே தடை செய்தது. செலவு நூறு கோடிக்கணக்கான யூரோக்கள். பாஸ்பரஸ் அளவு இந்த நூற்றாண்டில் மீண்டும் பத்து மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியது.

தூய்மை திரும்பியதும் ஒரு வியப்பு காத்திருந்தது. ஆழத்துச் சார் என்ற இன்னொரு அடிநீர் மீனும் 1970-களுக்குப் பின் தென்படாமல், கில்ஷோடு சேர்த்து அழிந்த பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. 2010-களில் ஆல்ப்ஸ் ஏரிகளை எல்லா ஆழத்திலும் ஒரே முறையில் வலைவீசிக் கணக்கெடுத்த ஆய்வுத் திட்டத்தில் அது உயிரோடு அகப்பட்டது. அழிந்தது என்ற தீர்ப்பு அடிவரை வலை போடாமல் எழுதப்பட்டது என்பது அதனால் விளங்கியது. அதே வலைகளில் கில்ஷ் வரவில்லை.

மீனவர்களுக்குத் தூய நீர் இனிக்கவில்லை. பாஸ்பரஸ் குறையக் குறைய இரையும் குறைந்து ஃபெல்ஷென் பாடு சுருங்கியது. சுத்திகரிப்பைச் சற்றுத் தளர்த்தி ஏரியில் கொஞ்சம் சத்து விடலாகாதா என்று அவர்கள் கேட்டார்கள், அரசுகள் மறுத்துவிட்டன. 2012-க்குப் பிறகு முட்சிறுமீன் நடுநீரில் பெருங்கூட்டமாகப் பெருகி, ஃபெல்ஷெனோடு இரைக்குப் போட்டியிட்டது. ஃபெல்ஷெனின் முட்டையையும் குஞ்சையும் தின்றது. 2016-இல் குவாகா என்ற வந்தேறி மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அது மிதவை உயிரிகளை வடித்துக் குடித்துக்கொண்டே ஆழத்துக்கு இறங்கி வருகிறது. 2024 ஜனவரி முதல் மேலேரியில் ஃபெல்ஷென் பிடிக்க மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது. மீனவர் குடும்பங்கள் தலைமுறைகளாக நம்பியிருந்த மீனே இப்போது காக்கப்பட வேண்டியதாகிவிட்டது.

கில்ஷின் கதி அதற்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜெனீவா ஏரியில் ஃபேரா, கிராவான்ஷ் என்று இரண்டு கொரிகோனஸ்கள் இருந்தன. 1825-இல் வெளியான யூரீனின் நூலில் இரண்டுக்கும் விவரம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சலவைத்தூள் வருவதற்கு வெகு முன்பே, இரண்டும் ஒழிந்தன. அங்கே மிகையான மீன்பிடிப்புக்குப் பெரும் பங்கு. பிறகு வேறு ஏரிகளிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்தான் இன்று ஜெனீவா உணவகங்களில் ஃபேரா என்ற பெயரில் பரிமாறப்படுகிறது. கேட்டு உண்பவர்களில் பெரும்பாலோருக்கு அது பெயர் மட்டும் எஞ்சிய மீன் என்று தெரியாது.

ஆழத்து வாழ்க்கை வாழும் கொரிகோனஸ்கள் முற்றாகப் போய்விடவில்லை. சுவிட்சர்லாந்தின் தூன் ஏரி அதிகம் மாசுபடாததால் அங்கே கில்ஷைப் போலவே வலையில் ஏறும்போது புடைக்கும் கிரோப்ஃபர் என்ற மீன் இன்றும் உண்டு. 2020-இல்தான் அது கொரிகோனஸ் புரோஃபண்டஸ் என்ற தனி இனமாக விவரிக்கப்பட்டது. பவேரியாவின் அம்மர் ஏரியில் கில்ஷ் என்றே அழைக்கப்படும் இன்னோர் ஆழத்து மீன் இருக்கிறது. 1909-இல் புருனோ ஹோஃபர் அதை விவரித்துக் கொரிகோனஸ் பவேரிகஸ் என்று பெயரிட்டார். அந்த ஒரே ஏரியில் மட்டும் வாழும் அது, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் மிக அருகிய இனங்களின் வரிசையில் உள்ளது.